கட்டுமரக்காரப் பூட்டனைத் தேடி எடுத்த வேலைக்குறிப்பு

வேலை இதுதான். குமரி மாவட்டத்தில் தூத்தூருக்கும் நீரோடிக்கும் நடுவில் உள்ள கரையில், கேரள எல்லைக்கு நடந்தே போய்விடலாம் என்கிற தூரத்தில், ஒரு குடும்பத்துக்கு அவர்களுடைய பூட்டனைப் பற்றி எட்டுப் பக்கத்தில் சிறு புத்தகம் செய்ய வேண்டும். பூட்டன் கட்டுமரத் தொழிலாளி. பட்டா இல்லை, கையெழுத்து இல்லை, போட்டோவும் இல்லை. கையில் கிடைத்தவை மூன்றே: பிஸ்கட் டின்னுக்குள் ஒரு வலை ஊசியும் ஒரு மூங்கில் பட்டையும், செல்லரித்த மலையாளப் பத்திரம் ஒன்று, பிறகு "தொண்ணூற்றொன்பதிலெ வெள்ளத்துக்கு மறு வருசம் கல்யாணம்" என்று வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்கியம்.

நிலமுள்ள குடும்பத்துக்கு வம்சம் தேடுகிறவர்கள் நேரே தாலுகா அலுவலகம் போவார்கள். கடற்கரைக்காரருக்கு அந்த வழி பெரும்பாலும் அடைப்பு. குடிசை நின்றது புறம்போக்கில். நிலவரிக்கான தண்டப்பேர்க் கணக்கில் பெயர் ஏறியிருக்காது. திருவிதாங்கூர் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கின் அச்சு அறிக்கைகளில் சாதிவாரியாகவும் தாலுகாவாரியாகவும் எண்ணிக்கை உண்டு, ஆள் பெயர் கிடையாது. அதில் ஒரு வாரம் போக்குவது வீண். மிச்சம் இருப்பது கத்தோலிக்கக் கோவிலின் ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் புத்தகம், கருவிகள், கிழவர்களின் ஞாபகம். இந்த வரிசையில்தான் போக வேண்டும். ஞாபகத்தில் தொடங்கினால் பிறகு புத்தகத்தைப் படிக்கும்போது கண் தனக்கு வேண்டியதையே பார்க்கும்.

கோவிலுக்குப் போகும் முன் பெயர்ப் பட்டியல்

ஒரே ஆள் ஞானஸ்நானப் புத்தகத்தில் லத்தீன் பெயரோடும், பத்திரத்தில் மலையாளப் பெயரோடும், வீட்டில் தமிழ்ப் பெயரோடும், கடப்புறத்தில் வட்டப்பெயரோடும் நிற்பார். நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளாமல் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. பேத்ருஸ் என்றால் பத்ரோஸ், பீற்றர், இராயப்பன் மூன்றும். யொவான்னெஸ் என்றால் யோவான், அருளப்பன். பவுலுஸ் சின்னப்பன். ஸ்தெஃபானுஸ் முடியப்பன். யொசேஃபுஸ் சூசை, ஔசேப்பு. யாக்கோபுஸ் சந்தியாகு, யாகப்பன். அலோய்சியுஸ் ஞானப்பிரகாசம். லாசருஸ் தேவசகாயம், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு அந்தப் பெயர் வந்ததும் இதே வழியில்தான்.

இதில் எல்லோரும் ஒருமுறையாவது சறுக்கும் இடம், லத்தீனில் பெயரின் வால் மாறுவது. "ஃபிலியுஸ் பேத்ரி" என்றால் பேத்ருஸின் மகன். "பேத்ரி" என்று ஒரு தனி ஆளைக் குடும்ப மரத்தில் ஏற்றி வைத்திருக்கிற வீடுகள் உண்டு. அதேபோல "அந்தோனியி" என்பது அந்தோனியுஸின், "மரியே" என்பது மரியாளின்.

வட்டப்பெயர் கோவில் புத்தகத்தில் அநேகமாக வராது. ஆனாலும் அதைக் கேட்டு எழுதியே ஆக வேண்டும். ஊரில் ஒரே பெயருள்ளவர்கள் பத்துப் பேர் இருக்கும்போது, கிழவர்களிடம் விசாரிக்க அதுதான் சாவி. முதல் மகனுக்குத் தகப்பனுடைய தகப்பன் பெயர் வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை திரும்பி வரும். குழந்தை செத்துப்போனால் அடுத்துப் பிறந்ததற்கும் அதே பெயர் வைப்பதுண்டு. பெயரும் தகப்பன் பெயரும் பொருந்துகிற முதல் பதிவைப் பார்த்ததும் புத்தகத்தை மூடிவிட்டால், இரண்டு வயதில் இறந்த அண்ணனைப் பூட்டன் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வருவோம். ஞானஸ்நானப் பதிவு கிடைத்த பிறகு, அடுத்த ஐந்து வருடத்து அடக்கப் புத்தகத்தைக் கட்டாயம் புரட்ட வேண்டும்.

எந்த மேற்றிராசனம் (மறைமாவட்டம்)?

எல்லைக்காரர்களுக்கு இது தனித் தலைவலி. 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரசாங்கக் கோடு மாறியது; கோவில் கோடு மாறவில்லை. தூத்தூர் வட்டாரப் பங்குகள் (ஒரு பாதிரியாரின் பொறுப்பில் உள்ள கோவில் வட்டங்கள்) தமிழ்நாட்டில் இருந்துகொண்டே இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர் மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. கிழக்கே குளச்சல், முட்டம் பக்கம் போனால் கோட்டாறு. கோட்டாறு 1930-லும் திருவனந்தபுரம் 1937-லும் கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தவை. ஆகவே தூத்தூர்ப் பக்கத்து ஆளுக்கு 1937 வரை மேலிடம் கொல்லம், பிறகு திருவனந்தபுரம்.

இதனால் என்ன பயன் என்றால், 1918-ல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டப்படி ஒவ்வொரு பங்கும் வருடக் கடைசியில் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கல்யாணம், அடக்கம் ஆகிய புத்தகங்களின் நகலை ஆயர் இல்லத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கடல் ஏறி, கரையான் அரித்து, ஓட்டுக்கூரை ஒழுகிப் பங்கில் புத்தகம் போயிருந்தால், மேலிடத்தில் நகல் இருக்கிறதா என்று கேட்கலாம். 1918-க்கு முந்தையதற்கு அந்த நம்பிக்கை வேண்டாம். திருவனந்தபுரம் கரையில் போர்த்துகீசியர் வழியில் கொச்சி ஆயரின் கீழ் இருந்த பங்குகளும் உண்டு. பெண் எடுத்த ஊர் அப்படிப்பட்டதா என்று முதலிலேயே விசாரித்துவிட்டால் ஒரு பயணம் மிச்சம்.

புத்தகத்தின் முன்னால்

அனுமதிக்கு வாய்ச்சொல் போதாது. யார், எந்த வருடங்கள், எந்தப் புத்தகம், எதற்கு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுக்க வேண்டும். ஞாயிறும் திருநாள் வாரமும் போகக் கூடாது. செவ்வாய் அல்லது புதன் காலை நல்லது. போட்டோ எடுக்க விடாத பங்குகள் உண்டு. உயிரோடிருப்பவர்களின் விவரமும் அதே புத்தகத்தில் இருப்பதால் அது நியாயமும்கூட. அப்போது பென்சிலில் வரிக்கு வரி எழுதிக்கொள்ள வேண்டியதுதான். பேனா மேசைமேலேயே இருக்கக் கூடாது.

கையோடு கொண்டுபோக வேண்டியவை: சுருட்டிய டவல் இரண்டு, மென்மையான பெயிண்ட் பிரஷ், பென்சில், பூதக்கண்ணாடி, போனுக்கு ஒரு ஸ்டாண்ட், 365 நானோமீட்டர் புறஊதா டார்ச். டவல் இரண்டையும் அட்டைகளுக்கு அடியில் வைத்து, புத்தகம் மல்லாந்து விரியாதபடி பாதித் திறப்பில் நிறுத்த வேண்டும். தட்டையாக அமுக்கினால் முதுகுத் தையல் விடும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிற கை யாருடையதானாலும் அதை விலக்கிவிட வேண்டும். கடல் ஈரத்தில் ஒட்டிக்கொண்ட பக்கங்களைக் கத்தியால் நெம்பக் கூடாது. மை அந்தப் பக்கத்தோடு உரிந்து வந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் சில நாள் வைத்தால் சில பக்கம் தானாக விடும். விடாதது விடாததுதான், பாதுகாப்பு வேலை தெரிந்தவர் வரட்டும்.

அந்தக் காலத்து இரும்பு மை கறுப்பாக எழுதப்பட்டு, பிறகு துருப்போலப் பழுப்பாக மங்கும். பழுத்த காகிதத்தில் பழுப்பு எழுத்து கண்ணுக்குப் பிடிபடாது. இரண்டு வழி. ஒன்று, இருட்டறையில் புறஊதா டார்ச்சைச் சாய்வாக அடித்தால் காகிதம் வெளுத்து ஒளிரும், மை அந்த ஒளியை விழுங்கிக் கறுப்பாக நிற்கும். சில நொடிக்கு மேல் அடிக்க வேண்டாம். இரண்டு, சாதாரணமாகப் போட்டோ எடுத்து, பட எடிட்டரில் நீலச் சேனலை மட்டும் தனியே பிரித்துப் பார்ப்பது. பழுப்பு மை நீலத்தை உறிஞ்சுவதால் அந்தச் சேனலில் எழுத்து எழுந்து வரும். பெரும்பாலான பக்கங்களுக்கு இரண்டாவதே போதும். ஃப்ளாஷ் எதற்கும் வேண்டாம்.

படிக்கத் தேவையான லத்தீன் இருபது வார்த்தைக்குள் அடங்கும். பாப்திஸாவி: ஞானஸ்நானம் கொடுத்தேன். நாத்துஸ்: பிறந்தவன். பத்ரீனி: தலைதொட்டவர்கள், அதாவது ஞானப்பெற்றோர். விதூவா: விதவை. செபுல்துஸ்: அடக்கப்பட்டவன். எயோதெம் தியே: அதே நாளில். ஊத் சூப்ரா: மேலே சொன்னபடி. கடைசி இரண்டும் ஆபத்தானவை. ஒரே வரியை மட்டும் போட்டோ எடுத்து வந்தால் "அதே நாளில்" எந்த நாள் என்று தெரியாமல் போகும். எப்போதும் மேலே மூன்று பதிவும் கீழே ஒன்றும் சேர்த்தே எடுக்க வேண்டும்.

பூட்டனின் ஞானஸ்நானம் கிடைத்த வரியில் மாதம் எழுத்தில் இல்லை. 7 என்ற இலக்கமும் அதன் வாலில் பொடியாக "பிரிஸ்" என்றும் இருந்தது, பிறகு 1899. முதல் வாசிப்பில் இது ஜூலை என்று குறிக்கப்பட்டு, சரிபார்ப்பில் அடிக்கப்பட்டது. லத்தீனில் செப்தெம் என்றால் ஏழு. செப்தெம்பிரிஸ் என்பதைச் சுருக்கி 7பிரிஸ் என்று எழுதுவார்கள். ஆக அது செப்டம்பர். இதே கணக்கில் 8பிரிஸ் அக்டோபர், 9பிரிஸ் நவம்பர், ரோமன் பத்துப் போட்டிருந்தால் டிசம்பர். சந்தேகம் வந்தால் முன்பதிவு, பின்பதிவு மாதங்களைப் பார்த்தால் உடனே தெளியும். புத்தகம் தேதி வரிசையில்தானே போகிறது.

அந்த வரியைவிடப் பெரிய புதையல் ஓரத்தில் இருந்தது. 1908 ஈஸ்டரிலிருந்து ரோமின் கட்டளைப்படி, ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அந்தச் செய்தியை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும். 1918 சட்டமும் அதையே சொன்னது. வேறு பங்கில் கல்யாணம் நடந்தால் அங்குள்ள பாதிரியார் இங்கே எழுதித் தெரிவிக்க வேண்டும். பூட்டனின் பதிவுக்கு இடப்பக்கம், வேறு கையெழுத்தில், வேறு மையில், ஒரு தேதியும் ஊர்ப்பெயரும். கல்யாணப் புத்தகத்தை வருடக்கணக்காகப் புரட்டும் வேலை அதோடு தீர்ந்தது. ஓரக்குறிப்பைத் தவறவிடுகிறவர்கள் ஏராளம். போட்டோவில் ஓரம் வெட்டுப்படுவதே முக்கியக் காரணம். பக்கத்தின் நான்கு மூலையும் படத்தில் தெரிய வேண்டும்.

வெள்ளத்துக்கு மறு வருசம்

ஓரக்குறிப்பின் தேதி 1924 அக்டோபர். வீட்டு வாக்கியமோ "வெள்ளத்துக்கு மறு வருசம்". வெள்ளம் 1924 ஜூலையில். அப்படியானால் 1925 அல்லவா வர வேண்டும்? குடும்பத்தார் புத்தகம்தான் தப்பு என்றார்கள். இரண்டும் சரி. வெள்ளம் வந்தது மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டு 1099 (வீட்டார் சொன்ன தொண்ணூற்றொன்பது) கர்க்கடகத்தில், அதாவது ஆடியில். அது கொல்லம் வருடத்தின் கடைசி மாதம். ஆகஸ்ட் பாதியில் சிங்ஙம் பிறந்ததும் 1100 தொடங்கிவிட்டது. அக்டோபர் துலாம் மாதக் கல்யாணம், வெள்ளத்துக்கு மூன்றே மாதம் கழித்து நடந்திருந்தும், மறு வருசத்துக் கல்யாணம்தான். சொன்னவர்கள் எண்ணியது கொல்லம் ஆண்டில்.

கொல்லம் ஆண்டை மாற்ற மனதில் வைக்க வேண்டியது ஒன்றே. சிங்ஙம் தொடங்கி தனு பாதி வரை 824 கூட்டு. தனு பாதிக்கு மேல் கர்க்கடகம் முடிய 825 கூட்டு. ஜனவரி 1 தனு 17 வாக்கில் விழும். மாதம் இல்லாமல் வருடம் மட்டும் கிடைத்தால் இரண்டு ஆங்கில வருடத்தையும் சேர்த்தே எழுத வேண்டும், 1924–25 என்று. மாதப் பெயர்களில் மேடம் சித்திரை, இடவம் வைகாசி, மிதுனம் ஆனி. மீதி ராசிப் பெயர் தெரிந்தவர்களுக்குத் தானே வரும்.

கல்யாணப் பதிவு இருந்தது இன்று கேரளத்தில் இருக்கிற பங்கில், பொழியூருக்கு வடக்கே. கல்யாணம் பெண்ணின் பங்கில் நடக்கும் என்பதால் இந்தக் கரையில் இது வழக்கமான சங்கதி. பூவார், பருத்தியூர், பொழியூர், நீரோடி, வள்ளவிளை, தூத்தூர் எல்லாம் ஒரே கொள்வினை கொடுப்பினை. அன்று நடுவே மாநில எல்லை கிடையாது. பதிவில் மூன்று ஓலை (கோவிலில் சொல்லும் கல்யாண அறிவிப்பு) வாசித்ததும், சாட்சிகள் இரண்டு பேரின் பெயருக்கு நேரே சிலுவைக் குறியும். கையெழுத்துத் தெரியாத சாட்சிகள். அவர்கள் இருவரும் பிறகு பூட்டனின் பிள்ளைகளுக்குத் தலைதொட்டவர்களாகவும் வருகிறார்கள் என்பது ஞானஸ்நானப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தபோது தெரிந்தது. கிழவர்களிடம் அந்த இரண்டு பெயரையும் சொன்னதும், "ஒரே மரத்துக்காரங்க" என்று பதில் வந்தது. சாட்சிப் பெயர்களை விடாமல் எழுதிக்கொள்ள வேண்டியதற்குக் காரணம் இதுவே. யாரோடு கடலுக்குப் போனார் என்பதை எந்தப் புத்தகமும் நேரடியாகச் சொல்லாது.

அடக்கப் பதிவு 1957. வயது "சிர்சித்தெர் 70", அதாவது சுமார் எழுபது. ஞானஸ்நானத்தின்படி ஐம்பத்தெட்டு. இதில் குழம்ப வேண்டாம். அடக்கப் புத்தகத்து வயது, துட்டி வீட்டில் கேட்டு எழுதியது. 60, 70, 80 என்று முட்டையில்தான் முடியும். எப்போதும் ஞானஸ்நானத் தேதியே கணக்கு. வெயிலிலும் உப்பிலும் கிடந்த உடம்பைப் பார்த்து எழுபது சொல்லியிருக்கலாம்.

பத்திரம்

மலையாளத்தில், திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரைத் தாளில் எழுதிய கடன் பத்திரம். மடிப்பில் எழுத்து போயிருந்தது. மடிப்பை விரிக்க இஸ்திரி போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவே வைத்து மேலே நான்கு கனமான புத்தகம், மூன்று நாள். அவ்வளவே. செல்லோடேப் ஒட்டுவதும், லேமினேட் செய்வதும் பத்திரத்துக்குச் செய்கிற கடைசிக் காரியமாகிவிடும். சூட்டில் மை போகும், பிறகு பிரிக்கவும் முடியாது. பாலியெஸ்டர் உறையில் இரண்டு பக்கம் திறந்தபடி போட்டு வைத்தால் போதும்.

எண்கள் பழைய மலையாள முறையில். நம்முடைய பழைய ௰, ௱, ௲ போலவே பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக் குறி, பூச்சியம் கிடையாது. ஆகவே 1106 என்பது ௲௱௬ மாதிரி மூன்றே குறியில் நிற்கும். "116" என்று வாசித்து மலைத்தவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு கண்ணி, மலையாளப் பழைய எண்ணில் ஆறும் ஒன்பதும் ஏறக்குறைய ஒரே சுழி. வருடம் 1106-ஆ 1109-ஆ? மூன்று வருட வித்தியாசம். அதே கையெழுத்தில் வேறு இடத்தில் சந்தேகமில்லாத ஆறு இருக்கிறதா என்று தேடி ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் தாளைத் திருப்பி, முத்திரைத்தாள் விற்றவர் பின்பக்கம் எழுதிய குறிப்பைப் பார்க்க வேண்டும். இங்கே பின்பக்கக் குறிப்புதான் காப்பாற்றியது. 1106 துலாம், அதாவது 1930.

தொகை 20 ரூபாய் 14 சக்கரம். 14 அணா என்று வாசித்துவிடக் கூடாது. திருவிதாங்கூரில் ஒரு ரூபாய்க்கு 28 சக்கரம், ஒரு சக்கரத்துக்கு 16 காசு. 4 சக்கரம் ஒரு பணம். 14 சக்கரம் சரியாக அரை ரூபாய். பத்திரத்தில் "பணம்" என்று வந்தாலும் அது பொதுவான பணமல்ல, ரூபாய்க்கு ஏழு என்கிற நாணயம். கடன் வாங்கிய காரணம் மடிப்பில் போய்விட்டது. "வலை" என்று இருக்கலாம் என்று வீட்டார் சொன்னதைப் புத்தகத்தில் சேர்க்கவில்லை. அந்த இடத்தில் மூன்று புள்ளி மட்டும் வைத்தோம்.

ஊசியும் பட்டையும்

வீட்டாருக்கு இது ஏதோ பழைய குச்சி. எழுத்துத் தெரியாத ஆள் எழுதி வைத்துவிட்டுப் போனது இதில்தான் இருக்கிறது.

பட்டை, வலைக்கண் ஒரே அளவில் விழுவதற்காக நூலைச் சுற்றும் அளவு. பட்டையின் அகலம் எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு, கண்ணை இழுத்துப் பிடித்த நீளம். வெர்னியர் காலிப்பரால் மூன்று இடத்தில் அளந்தோம். இரண்டு ஓரத்திலும் 19 மில்லிமீட்டர், நடுவில் பதினேழரை. நடுவில் நூல் ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம். ஆகவே அசல் அகலம் ஓரத்து அளவு, 19. கண் 38 மில்லிமீட்டர். நடுவை மட்டும் அளந்திருந்தால் 35 என்று வந்திருக்கும். சாளைக்கு மூன்றரை செ.மீ. பக்கம், அயிலைக்கு ஐந்து, நெய்மீனுக்குப் பத்துக்கு மேல் என்பது இந்தக் கரையின் பொது அளவு. பூட்டன் முடைந்தது சாளைவலை. "சுறாத் தூண்டில்காரர்" என்று பேரன்மார் சொல்லிவந்த பெருமைக்கு இந்தப் பட்டை துணை நிற்கவில்லை. தூண்டில் தொழிலும் செய்திருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் கை நாள்தோறும் தொட்டது இதை.

ஊசியின் நாக்கில் அரை அடி நூல் மிச்சம் இருந்தது. பருத்தியா நைலானா என்று தெரிந்தால் காலம் தெரியும். நைலான் இந்தக் கரைகளுக்கு வந்து பரவியது 1950-களின் பிற்பாதிக்கு மேல்தான். ஐந்து மில்லிமீட்டர் மட்டும் வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்ட வேண்டும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். நைலான் உருகி, ஆறியதும் கெட்டி மணியாகும். சாம்பல்தான் வந்தது. நூல் நெடுகப் பழுப்பு. பருத்தி வலை உப்புத் தண்ணீரில் அழுகாமலிருக்கப் பனிச்சங்காய்ச் சாறு போன்ற துவர்ப்பில் தோய்த்து உலர்த்துவார்கள். புது வலை முடைவது வெள்ளை நூலில், தோய்ப்பது முடைந்த பிறகு. ஊசியிலேயே பழுப்பு நூல் இருந்தால், கடைசியாக அந்த ஊசி செய்த வேலை, தோய்த்த பழைய வலையின் கிழிசலைப் பொத்தியது.

இந்த மாதிரிப் பொருளை எண்ணெய் போட்டுத் துடைக்கக் கூடாது, வார்னிஷ் அடிக்கவே கூடாது. உலர்ந்த பிரஷால் தூசி தட்டி, டின்னை விட்டு எடுத்து, பருத்தித் துணியில் சுற்றி அட்டைப் பெட்டியில் வைக்க வேண்டும். டின் துருப்பிடித்து நூலைத் தின்னும்.

கட்டுமரம் மிஞ்சி இருக்குமா என்று பலர் கேட்கிறார்கள். இருக்காது. லேசான மென்மரத் தடிகளைச் செதுக்கி முன்னும் பின்னும் கயிற்றால் பிணைப்பது, ஆணி கிடையாது. கரை ஏறியதும் கட்டவிழ்த்து உலர்த்தாவிட்டால் தடி தண்ணீர் குடித்துக் கனக்கும். சில வருடத்தில் தடி மாற்ற வேண்டியதுதான். எப்போதாவது பழைய தடி ஒன்று வீட்டுத் திண்ணையில் இருக்கையாகக் கிடக்கும். அதன் இரண்டு முனைப் பக்கமும் கயிறு அறுத்த பள்ளம் இருந்தால் கட்டுமரத் தடி. இல்லாவிட்டால் வெறும் கட்டை.

கிழவர்களிடம் கேட்பது

"பூட்டன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "நல்ல மனுசன்" என்று வரும். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கேட்க வேண்டியது: மரம் யாருடையது, வலை யாருடையது? மீனை விற்ற பிறகு மரத்துக்கு எத்தனை பங்கு, வலைக்கு எத்தனை, ஆளுக்கு எத்தனை? கோவிலுக்குத் தெறிப்பு (கோவில் வரி) எவ்வளவு, யார் வந்து பிடிப்பார்? குடிதண்ணீர் எதில் கொண்டுபோனது? ஆனி, ஆடியில் கடல் அடிக்கும்போது எந்தக் கரைக்குப் போனார்கள்? முதல் இரண்டு கேள்வியிலேயே அவர் மரக்காரரா பங்குக்காரரா என்பது தெரிந்துவிடும். இவர் இருபது வருடத்துக்கு மேல் அடுத்தவர் மரத்தில் பங்குக்காரர்.

வருடம் கேட்கக் கூடாது. வெள்ளத்துக்கு முன்னா பின்னா, சி.பி. ராமசாமி ஐயர் திவானாக இருந்த காலமா (1936 முதல் 1947), அரிசி கிடைக்காமல் மரச்சீனிக் கிழங்கு தின்ற யுத்தக் காலமா, குமரி தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முன்னா என்று கேட்டால் கை பிடித்து அழைத்துப் போவார்கள்.

கணியம் எழுதிக்கொள்வது தனி வேலை. கடலுக்கு அடியில் உள்ள பாரை, அதாவது பாறைத் திட்டைக் கண்டுபிடிக்க, கரையில் கிட்டத்து அடையாளம் ஒன்றையும் அதன் பின்னால் தூரத்து அடையாளம் ஒன்றையும் ஒரே நேராகக் கொண்டுவருவது ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு ஜோடி இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டுகிற இடம் பார். சொல்லும்போதே படமாக வரைய வேண்டும், எழுத்தில் குழம்பும். அகத்தியர் மலைபோன்ற சிகரங்களுக்குக் கடலில் வேறு பெயர் வழங்கும். அந்தப் பெயரையே எழுத வேண்டும். ஆழத்தைப் "பாகம்" என்பார்கள், இரண்டு கையையும் விரித்த அகலம். சொல்கிற கிழவரையே கை விரிக்கச் சொல்லி டேப் பிடித்து அளந்துவிடுவது நல்லது. ஒன்றரை மீட்டரும் வரும், ஒன்றே முக்காலும் வரும். பதினெட்டுப் பாகத்தில் இந்த வித்தியாசம் நாலரை மீட்டர்.

பூட்டனுடையது என்று சொல்லப்பட்ட ஒரு கணியத்தில் கிட்டத்து அடையாளம் "பழைய கோவில் குருசு". புதுக் கோவில் எழும்பிய ஆண்டு அடிக்கல்லில் வெட்டியிருக்கிறது. அந்தக் குருசு போன பிறகு அந்தக் கணியம் யாருக்கும் உதவியிருக்காது. ஆக அது அதற்கு முந்திய தலைமுறையின் சொத்து. ஞாபகத்தைக் கல்லில் சரிபார்க்கக் கிடைத்த ஒரே இடம் அது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தப் படத்தைப் போட்டோம், பார் இருக்கும் சரியான இடத்தை மட்டும் வீட்டார் கேட்டுக்கொண்டதால் அழித்துவிட்டு.

பாக்கி

பூட்டியின் ஞானஸ்நானம் இன்னும் பார்க்கவில்லை. கல்யாணப் பதிவில் அவளுக்கு "உக்ஸோர்", மனைவி, என்பதும் தகப்பன் பெயரும் மட்டும். வயது 19 என்று இருப்பதால் அவளுடைய பங்கில் 1903 முதல் 1907 வரை புரட்ட வேண்டும். கடவத்தில் மீன் சுமந்து அவள் நடந்த சந்தைகளின் பெயர் கிழவிகளிடம் இருக்கிறது. அதற்குத் தனி நோட்டுப் போட்டாகிவிட்டது. அந்தப் பங்கில் மழைக்காலத்தில் அலமாரி திறக்க மாட்டார்களாம். ஆவணி பிறந்த பிறகுதான்.